பழுதுக் கணக்கு

த்ரியெஸ்தே துறைமுகக் கிடங்கில்
காப்பிக்கொட்டையில் பழுது பொறுக்குவது என் வேலை.
கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது,
குச்சி, கல்,
ஒருமுறை யாருடைய சட்டைப் பொத்தானோ.
தட்டில் முந்நூறு கிராம் கொட்டி
முப்பத்தோரு வருடமாக எண்ணி எழுதுகிறேன்.
பிறகு கொதிநீர் ஊற்றி
உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பி,
ருசிக் கட்டத்தில் இரண்டு வார்த்தை.

அதனால்தான்
மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து
இறங்கி வந்த பேருந்தில்
அழவும் வராமல், இறங்கவும் தோன்றாமல்
கைப்பையிலிருந்த வேலை நோட்டை எடுத்தேன்.
தலைகீழாகத் திருப்பிக்
கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
கட்டங்கள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன.

மாதிரி: ஒந்தினா பெர்தோட், வயது ஐம்பத்தெட்டு.
ஈரப்பதம்: உள்ளங்கையில் மட்டும்.
பழுதுகள்:
என்னை ஒர்னெல்லா என்று கூப்பிட்டார். ஒன்று.
கழுத்தில் கதிர் பாய்ச்சியதிலிருந்து
எதைத் தின்றாலும் தகரத்தை நக்குவதுபோல் இருக்கிறது என்றேன்.
உப்பைக் குறைத்துப் பாருங்கள் என்றார். இரண்டு.
திரையைப் பார்த்தபடியே,
உயிரோடு இருக்கிறீர்களே, அது போதாதா? மூன்று.
நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.
இதை எந்தக் கட்டத்தில் போட?

அன்றிரவு போரா காற்று
ஜன்னல் சட்டங்களைப் பிடித்து உலுக்கியது.
ஒரு காலத்தில் இந்த ஊரில்
காற்றுக்கு எதிரே நடப்பவர்களுக்காகத்
தெருவோரம் கயிறு கட்டிவைப்பார்களாம்.
லீவியோ போர்வைக்குள்ளிருந்து
விட்டுத்தள்ளு, ஆனது ஆகிவிட்டது என்றான்.
நோட்டில் கோடுகள் இருந்தன.
பிடித்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்று:
நோட்டின் முன்பக்கம் முழுக்கப் பொய்.
நவம்பரிலிருந்து எனக்கு ஒரு ருசியும் தெரியாது.
மூட்டையின் ஊர், கொட்டையின் நிறம்,
போன வருடத்து ஞாபகம்,
இவற்றை வைத்து
'எலுமிச்சை, கொஞ்சம் தேவதாரு' என்று எழுதிவந்தேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
முன்னாலிருந்து பொய்யும் பின்னாலிருந்து நிஜமும்
பக்கம் பக்கமாக
ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன.

பின்பக்கத்தில் என்னென்னவோ.
ஜனவரி: காத்திருப்பு இரண்டு மணி இருபது நிமிடம்,
எதிரே ஒருவர் செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.
பிப்ரவரி: ஸ்கேன் அறைக் கூரையில்
யாரோ கடற்கரைப் படம் ஒட்டியிருக்கிறார்கள்,
அதைப் பார்த்துத்தான் கோபமே வந்தது.
ஒரு நாள் வெறும் தேதி,
அதன்மேல் கோப்பை வைத்த வட்டம்.

மார்ச்சில் அதே மருத்துவர், அதே அறை.
எப்போதிலிருந்து என்று கேட்டார்.
நோட்டைப் பிரித்தேன்.
தேதியைத் தேடிய கண்ணில்
மூன்றாம் பழுதுக்கும் கீழே,
பேருந்துக் குலுக்கலில் கோணிய என் கையெழுத்தில்
ஒரு வரி பட்டது:
'கண்ணில் வெயில் அடித்தது.
எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.'

ஐந்து மாதமாக
பக்கத்து வீட்டு நெரீனாவிடம், லீவியோவிடம், என் தங்கையிடம்
சொல்லிக்கொண்டிருந்தேனே,
அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழவேயில்லை என்று.

அதற்காக மூன்று பழுது
இரண்டரை ஆகிவிடாது.
தட்டில் கல் கிடந்தால் கல்தான்.
ஆனால் நான்தான் எழுதியிருக்கிறேன்,
அடிக்கவும் மனமில்லை.

தேதிகளை வாசித்தேன். பதினெட்டு நிமிடம்.
அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக்
கையால் குறித்துக்கொண்டார்.
ருசி திரும்புமா என்றேன்.
தெரியவில்லை என்றார், என்னைப் பார்த்து.
பேருந்தில் ஏறியதும் அதை எழுதினேன்.
பழுதா இல்லையா என்று குறிக்கவில்லை.
'இன்று கை நடுங்கவில்லை' என்று எழுதினேன்.
பொய். அடித்தேன்.

மறுநாள் காலை சிதாமோ, புது மூட்டை.
பழுது ஏழு, கல் இல்லை.
உறிஞ்சினேன், உருட்டினேன், துப்பினேன்.
ருசிக் கட்டத்தின்மேல்
பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
தெரியவில்லை.